'மார்ஜின் கால்' படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி இதுதான்: "மார்ஜின் கால் என்று ஒரு படம், ஆஹா ஓஹோ என்றார்கள், பார்த்தேன். கோட்டு சூட்டு போட்டவர்கள் ராத்திரி முழுக்க அறை அறையாகப் போய்ப் பேசுகிறார்கள், காலையில் எதையோ விற்கிறார்கள், படம் முடிந்துவிடுகிறது. பங்குச் சந்தை தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா இது? வில்லன் என்று யாரைச் சொல்வது? நிஜமாக நடந்த கதையா?" மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும் படத்தில் எதைப் பார்ப்பது? ஒரு வங்கியின் ரிஸ்க் பிரிவில் (எவ்வளவு நஷ்டம் வரலாம் என்று கணக்குப் பார்க்கும் இடம்) பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சினிமா பற்றி நான் சொல்வதை ஒரு ரசிகனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களைப் பற்றியும் அந்த மீட்டிங் அறைகளைப் பற்றியும் சொல்வதை ஓரளவு நம்பலாம்.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம், முடிவு உட்பட. 2008 நிதி நெருக்கடிக் காலகட்டம், நியூயார்க்கில் பெயர் சொல்லப்படாத ஒரு பெரிய முதலீட்டு வங்கி. ஒரே நாளில் அந்தத் தளத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்புகிறார்கள். அதில் ஒருவர் ரிஸ்க் பிரிவில் பெரிய பொறுப்பில் இருக்கும் எரிக் டேல் (ஸ்டான்லி டூச்சி). பெட்டியோடு லிஃப்டுக்குள் போகும்போது ஒரு பென் டிரைவை பீட்டர் என்ற இளைஞனிடம் (சக்கரி குவின்டோ) கொடுத்து, ஜாக்கிரதை என்கிறார். அதில் பாதியில் நின்றிருந்த கணக்கை பீட்டர் ராத்திரி உட்கார்ந்து முடிக்கிறான். நிறுவனம் ஏற்கெனவே செத்த மாதிரிதான், வெளியே யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் பாக்கி என்று புரிகிறது. அவனுக்கு மேலே வில் (பால் பெட்டனி), அவருக்கு மேலே சாம் (கெவின் ஸ்பேசி), அதற்கும் மேலே ஜாரெட் (சைமன் பேக்கர்), கடைசியில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் தலைவர் ஜான் டல்ட் (ஜெரிமி அயர்ன்ஸ்) என்று செய்தி படிப்படியாக மேலே போகிறது. விடிவதற்குள் முடிவெடுத்துவிடுகிறார்கள்: குப்பை என்று தெரிந்த சரக்கு முழுவதையும் சந்தை திறந்ததும் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவது. கட்டியும் விடுகிறார்கள்.

நிதி விஷயம் எவ்வளவு தெரிய வேண்டும் என்றால், இந்தப் பத்தி அளவுக்குத் தெரிந்தால் போதும். வீட்டுக்கடன்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து, பத்திரங்களாக அடுக்கி, முதலீட்டாளர்களுக்கு விற்பது இவர்கள் தொழில். அடுக்கி முடிக்க ஒரு மாதம் போல ஆகும் என்று பீட்டரே மீட்டிங்கில் சொல்கிறான். அதுவரை சரக்கு இவர்கள் கணக்கிலேயே கிடக்கும். வீட்டுக்கடன்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்ற தைரியத்தில் கைக்காசு கொஞ்சம், கடன் மிச்சம் என்று வாங்கிக் குவித்திருக்கிறார்கள். நிஜத்திலும் அந்த வருடங்களில் லேமன் பிரதர்ஸ் போன்ற வங்கிகள் சொந்த முதல் 1 டாலருக்கு 30 டாலர் அளவுக்குச் சொத்து வைத்திருந்தன. அந்த நிலையில் சொத்து மதிப்பு மூன்றரை சதவீதம் இறங்கினாலே சொந்த முதல் காலி. படத்தில் பீட்டர் சொல்வது, இந்தச் சரக்கு 25 சதவீதம் இறங்கினால் வரும் நஷ்டம் நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பையும் தாண்டும் என்பது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கால்வாசி சரிந்தால் மொத்த நிறுவனமும் போகிறது என்றால், அந்த ஒரு வகைச் சரக்கு மட்டுமே நிறுவனத்தின் மதிப்பைப்போல் நான்கு மடங்குக்கு மேல் கையில் இருக்கிறது. இவ்வளவு புரிந்தால் போதும், திரையில் ஓடும் வரைபடத்தை நீங்கள் படிக்க வேண்டியதே இல்லை. படத்தில் இருக்கும் பெரிய மனிதர்களும் படிப்பதில்லை, அது வேறு விஷயம்.

எது நிஜம், எது சினிமா என்று என் அனுபவத்தில் பிரித்துச் சொல்கிறேன். கணக்கு முறை நிஜம். ஒரு சாதாரண நாளில் அதிகபட்சம் எவ்வளவு நஷ்டம் வரலாம் என்று பழைய விலை ஏற்ற இறக்கத்தை வைத்து மதிப்பிடுவது வங்கிகளில் அன்றாட வேலை, 1994இல் ஜே.பி. மோர்கன் வங்கி தன்னுடைய முறையை வெளியில் எல்லோருக்கும் கொடுத்த பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. அதன் ஓட்டையும் நிஜம். வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்த வருடங்களின் கணக்கைப் போட்டால் நஷ்டமே வராது என்றுதான் விடை வரும். கடந்த இரண்டு வாரத்தில் சில நாள் அந்தப் பழைய வரம்புகளை ஏற்கெனவே தாண்டிவிட்டோம் என்று பீட்டர் காட்டும் இடம் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் வரம்பு மீறிய நாட்களை எண்ணுவதுதான் எங்கள் வேலையே. ஆனால் ஒரே ஒரு பையன், ஒரே ஒரு ராத்திரியில், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்டுபிடித்தான் என்பது சினிமாவுக்காக. நிஜத்தில் இப்படிப்பட்ட விஷயம் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். இந்தப் பத்திரத்துக்கு என்ன விலை போடுவது என்று வியாபாரப் பிரிவுக்கும் ரிஸ்க் பிரிவுக்கும் ஒவ்வொரு மாத முடிவிலும் சண்டை நடக்கும், ஈமெயில் பறக்கும், கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு எண்ணைப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

இதைப் படம் எடுத்தவரும் உணர்ந்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. எழுதி இயக்கிய ஜே.சி. சாண்டருக்கு இது முதல் முழுநீளப் படம். அவருடைய அப்பா மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு வங்கியில் ஏறக்குறைய 40 வருடம் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரிகிற ஒரு விஷயம் படத்தில் சத்தமில்லாமல் வந்து போகிறது, முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவார்கள்: உண்மையில் அன்று ராத்திரி யாரும் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ரிஸ்க் தலைவி சாரா (டெமி மூர்) இந்த ஆபத்தைப் பற்றி ஒரு வருடத்துக்கு முன்னாலேயே மேலே சொல்லியிருக்கிறாள். நான் எச்சரித்தேனே என்கிறாள். போதுமான அளவு அழுத்திச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் பதில். எரிக் டேல் அதே கணக்கைத் தோண்டிக்கொண்டிருந்தவர், அவர் சீட்டு முதலில் கிழிகிறது. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். 'கவனிக்கத்தக்கது', 'தொடர்ந்து கண்காணிக்கப்படும்' என்றெல்லாம் மழுப்பி எழுதிய அறிக்கைகளில் கையெழுத்துப் போடாத ரிஸ்க் ஆசாமி யாரையும் எனக்குத் தெரியாது.

சரி, எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லோருக்கும் ஏற்கெனவே பாதி தெரியும் என்று வைத்துக்கொண்டால், 'உண்மை எப்போது வெளியே வரும்' என்ற ஆவலோடு இந்தப் படத்தைப் பார்க்க முடியாது. தனக்குத் தெரிந்ததை விழுங்கிக்கொள்ள ஒவ்வொருவரும் எவ்வளவு விலைக்குச் சம்மதிக்கிறார், அந்த விலையை யார் எந்தத் தொனியில் பேசுகிறார்கள் என்பதுதான் இதில் நடக்கும் சம்பவம். சண்டைக் காட்சி, துரத்தல் எல்லாமே இதுதான். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு அறையிலும் ஒரு பேரம் நடக்கிறது.

முதலில், செய்தி மேலே ஏற ஏற மொழி எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பீட்டர் வில்லிடம் எண்களில் பேசுகிறான். சாமிடம் திரையைக் காட்டினால், இதெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது, சாதாரணமாகச் சொல் என்கிறார். ஜாரெட்டும் கிட்டத்தட்ட அதையே கேட்கிறார். டல்ட் வந்து உட்கார்ந்ததும், ஒரு சின்னக் குழந்தைக்கோ நாய்க்குட்டிக்கோ சொல்கிற மாதிரி சொல்லு, நான் மூளையால் இந்த நாற்காலிக்கு வரவில்லை என்கிறார். தியேட்டரில் சிரிப்பு வரக்கூடிய இடம். பெரிய முதலாளிக்குத் தன் தொழிலே தெரியவில்லை பாருங்கள் என்று நக்கலாக இதை எழுதியிருப்பதாகப் பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் பார்த்த மேலதிகாரிகளில் நிஜமான முட்டாள் ஒருவர்கூட இல்லை. எளிமையாகச் சொல் என்று அவர்கள் கேட்பது, சொல்கிறவன் வாயாலேயே முடிவு வரட்டும் என்பதற்காக. இருபத்தெட்டு வயதுப் பையன் எல்லோர் முன்னாலும், ஆமாம் சார், மொத்தமும் போய்விடும் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் செய்வதெல்லாம் அவன் சொன்னதன் விளைவு ஆகிவிடுகிறது. அயர்ன்ஸ் அந்தக் காட்சியில் எவ்வளவு அன்பாகப் பேசுகிறார் பாருங்கள். மிரட்டலே இல்லை. பயமாக இருப்பது அதனால்தான்.

அடுத்தது, அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. எண் சரியா என்று ஒரு தடவை கேட்கிறார்கள். பீட்டர் ராக்கெட் உந்துவிசையில் முனைவர் பட்டம் வாங்கியவன் என்று தெரிந்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்துபோகிறது. அப்புறம் ராத்திரி முழுக்க ஓடுவது, வேறு யாருக்குத் தெரியும் என்ற கேள்வி. எரிக் டேலை வேலையை விட்டுத் தூக்கிய கையோடு அவருடைய போனையும் நிறுவனமே நிறுத்தியிருக்கிறது, அதனால் இப்போது அவரைக் கூப்பிட வழியில்லை. (ஐடி கம்பெனியில் ஒரே மீட்டிங்கில் லேப்டாப்பையும் ஐடி கார்டையும் பிடுங்கிக்கொண்டு வாசல் வரை கொண்டுவிடப்பட்ட நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள், அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.) ஊர் முழுக்க ஆள் விட்டுத் தேடுகிறார்கள். அவரிடம் ஆலோசனை கேட்க இல்லை. சந்தை மூடும்வரை அவர் வாயைத் திறக்காமல் ஒரு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் அதற்காகவே அவருக்கு மணிக்கு 1,76,000 டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். சாராவும் அவரும் அந்த அறையில் சும்மா உட்கார்ந்திருப்பார்களே, படத்தில் மிக அதிகச் சம்பளத்துக்குச் செய்யப்படும் வேலை அதுதான்.

இந்த எரிக் டேலுக்காக மட்டுமே படத்தை இரண்டாவது தடவை பார்க்கலாம். காலையில் வில் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, வீட்டு வாசற்படியில் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் முன்னாடி இன்ஜினீயர், ஒரு பாலம் கட்டினேன் தெரியுமா என்று ஆரம்பிக்கிறார். ஒஹாயோ ஆற்றின் மேல், ஒஹாயோ மாநிலத்தின் டில்லஸ் பாட்டத்திலிருந்து மேற்கு வர்ஜினியாவின் மவுண்ட்ஸ்வில்லுக்குப் போகும் பாலம். ஒரு நாளைக்கு 12,100 பேர் போகிறார்கள், போக 35 மைல், வர 35 மைல் மிச்சம், அப்படியென்றால் ஒரு நாளைக்கு 8,47,000 மைல், மாதத்துக்கு இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு, 1986இல் கட்டியது, 22 வருடம் ஆகிவிட்டது, மணிக்கு 50 மைல் வேகம் என்று வைத்தால் என்று பெருக்கிக்கொண்டே போய், அந்த ஒரு சின்னப் பாலம் அந்த ஊர் ஜனங்களுடைய வாழ்க்கையில் 1,531 வருடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது என்று முடிக்கிறார். டூச்சி இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதில்லை, மளிகைக் கணக்குப் போடுகிற மாதிரி சொல்கிறார். தன் வாழ்நாளில் செய்த வேலைகளில் கையால் தொட்டுக் காட்டக்கூடியது இது ஒன்றுதான் என்பது அந்த மனிதருக்கு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைக்கிறது.

ஒரு வேடிக்கை: அந்தக் கணக்கு தப்பு. தொழில் புத்தி, நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 8,47,000 மைல், மாதத்துக்கு 30 நாள், 22 வருடம் என்றால் மொத்தம் 670 கோடி மைலுக்குக் கொஞ்சம் மேலே. மணிக்கு 50 மைல் என்றால் சுமார் 13 கோடியே 41 லட்சம் மணி நேரம். அதை 24ஆல் வகுத்தால் 55 லட்சத்துச் சொச்சம் நாள், அதாவது 15,300 வருடத்துக்கும் மேல். நாட்களாக மாற்றும் இடத்தில் ஒரு பூஜ்யம் நழுவி, பத்தில் ஒரு பங்காகிவிட்டது. வேண்டுமென்றே அப்படி எழுதினார்களா, கவனக்குறைவா என்பது எழுதியவருக்குத்தான் வெளிச்சம். கவனக்குறைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆனால் தப்பான ஒரு கணக்கால் ஒரு நிறுவனமே கவிழப் பார்க்கும் படத்தில், அந்தத் தப்பைக் கண்டுபிடித்த ஆளே தன் வாழ்க்கையின் பெருமையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துச் சொல்கிறார் என்பது எனக்குப் பிடித்துப்போனது.

பீட்டரும் இன்ஜினீயர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். ராக்கெட்டை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தாய் என்று கேட்கும்போது, எல்லாமே எண்கள்தானே, கூட்டுகிற பொருள்தான் வேறு, இங்கே சம்பளமும் ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறான். இவனோடு வேலை பார்க்கும் சேத் (பென் பேட்ஜ்லி) இன்னும் சின்னப் பையன், யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு கேள்வியே இல்லை. அவன் கேட்டதற்கு வில் போன வருடம் வாங்கிய இரண்டரை மில்லியன் டாலர் எங்கே போனது என்று விரலை மடக்கி எண்ணுகிறான்: வரி, வீடு, கார், சாப்பாடு, துணி, அப்புறம் பெண்களுக்கும் குடிக்கும் 76,520 டாலர், அதில் பெரும்பகுதியை நிறுவனச் செலவாகவே கணக்குக் காட்டிவிட்டானாம். ஆபத்துக்கு உதவும் என்று 4 லட்சம் டாலர் ஒதுக்கிவைத்ததும் அந்தக் கணக்கில் உண்டு. இதே சேத் விடியற்காலையில் கழிப்பறையில் உட்கார்ந்து அழுகிறான், எனக்கு இந்த வேலையைத் தவிர வேறெதுவும் வேண்டியிருந்ததில்லை என்கிறான். பக்கத்தில் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும் ஜாரெட் திரும்பிப் பார்த்து, நிஜமாகவா என்று மட்டும் கேட்கிறார். மேலே போய்ச் சேர்ந்தவனுக்கே அந்த ஆசை விளங்கவில்லை. பதவி ஆசை என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக ஒரு காட்சியில் காட்டிவிட முடியுமா என்று தெரியவில்லை.

விற்பனை நாளுக்கு வருவோம். இதில் இருக்கும் பேரத்தைக் கவனிக்காவிட்டால் காலைக் காட்சிகள் வெறும் போன் பேச்சாகத் தெரியும். வணிகர்களைக் கூப்பிட்டு சாம் சொல்கிறார்: உங்கள் கையில் இருக்கும் சரக்கில் 93 சதவீதத்தை இன்றைக்குள் தள்ளிவிட்டால் ஆளுக்கு 1.4 மில்லியன் டாலர், தளம் முழுவதும் சேர்ந்து அந்த இலக்கைத் தொட்டால் இன்னொரு 1.3 மில்லியன். இது ஊக்கத்தொகை போலக் கேட்கும். நிஜத்தில் இது அந்த ஆட்களின் தொழில் வாழ்க்கைக்கு வைத்த கிரயம். பத்திர வியாபாரத்தில் ஒருவன் கையில் இருக்கும் ஒரே சொத்து, போனை எடுத்தால் எதிர்முனையில் இருப்பவன் நம்பிப் பேசுவான் என்பதுதான். குப்பையைத் தெரிந்தே விற்றான் என்று ஒரு நாளில் பெயர் கெட்டுவிட்டால் அப்புறம் அந்தத் தொழிலில் யாரும் அவன் போனை எடுக்க மாட்டார்கள். சாம் இதைத்தான் முந்தின ராத்திரி சொல்கிறார்: மறுபடியும் வந்து வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் நாம் விற்கிறோம், இதைச் செய்தால் அவர்கள் திரும்ப வரவே மாட்டார்கள். டல்ட்டின் பதில், வாங்க விருப்பம் உள்ளவர்களுக்கு இன்றைய சந்தை விலையில் விற்கிறோம், நாம் பிழைப்பதற்காக. இரண்டுமே சரியான வாதம் என்பதுதான் தொந்தரவு. வில் போனில் ஒவ்வொருவராகப் பேசி விற்கும்போது மணிக்கு மணி விலை இறங்குவதையும், எதிர்முனையில் இருப்பவர்களின் குரல் மாறுவதையும் கேளுங்கள். படத்தில் கொலை நடக்கிறது என்றால் அங்கேதான் நடக்கிறது.

சாமை நல்லவராக எடுத்துக்கொள்வதா? படம் உங்களை அந்தப் பக்கம் இழுக்கத்தான் பார்க்கிறது, ஆனால் கொக்கியும் போட்டு வைத்திருக்கிறது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நாளில் அவர் தன் அறையில் கண்கலங்கி நிற்கிறார். வில் தளத்தில் நடந்ததற்காக என்று நினைத்தால், சாகக் கிடக்கும் நாய்க்காக. அதை உயிரோடு வைத்திருக்க நாளைக்கு 1,000 டாலர் செலவழிக்கிறார். அடுத்த சில நிமிடத்தில் வெளியே வந்து மிச்சம் இருப்பவர்களைப் பார்த்து, போனவர்கள் நல்ல ஆட்கள்தான், நீங்கள் அவர்களைவிட நல்ல ஆட்கள், இனி அவர்களை நினைக்க வேண்டாம் என்று கைதட்டுகிறார். கடைசியில் வேலையை விடுகிறேன் என்று டல்ட்டிடம் போகிறவர், இரு, இன்னும் இரண்டு வருடம் எனக்கு வேண்டும் என்று அவர் சொன்னதும் ஒத்துக்கொள்கிறார். உங்கள் பேச்சுக்காக இல்லை, எனக்குப் பணம் தேவைப்படுகிறது என்கிறார். 34 வருடம் அங்கே வேலை பார்த்த மனிதர். எனக்கு மொத்தப் படமும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. இந்தப் படத்தில் யாருக்கும் பேராசை இல்லை, கவனித்தீர்களா? எல்லோருக்கும் தேவைதான். வில்லுக்குத் தவணை, சேத்துக்கு வேலை, டல்ட்டுக்கு நிறுவனம் பிழைக்க வேண்டும்.

இதனால்தான் வில்லன் யார் என்ற கேள்விக்கு விரல் நீட்ட முடியாமல் நீங்கள் தவித்திருக்கிறீர்கள். 1980களின் வால் ஸ்ட்ரீட் கதைகளில் இது சுலபம். பேராசை நல்லதுதான் என்று அப்போது மேடையிலேயே பேசினார்கள். ஐவன் போஸ்கி என்ற வியாபாரி 1986இல் கலிஃபோர்னியாவில் ஒரு பட்டமளிப்பு நிகழ்ச்சியில் மாணவர்களிடம் கிட்டத்தட்ட அப்படியே சொன்னார், அந்த வருடக் கடைசியிலேயே உள் தகவலை வைத்து வியாபாரம் செய்த வழக்கில் சிக்கி 100 மில்லியன் டாலர் கட்டினார். அப்படிப்பட்ட ஆளை வெறுப்பது எளிது. டல்ட்டோ தன்னுடைய கடைசிக் காட்சியில் தனியாக உட்கார்ந்து நிம்மதியாக மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டு, 1637இல் ஆரம்பித்து ஒவ்வொரு சந்தைச் சரிவின் வருடத்தையும் வரிசையாகச் சொல்கிறார். ஹாலந்தில் துலிப் கிழங்கு விலை விழுந்த வருடம் அது. 1929, 1987, 2000 என்று வந்து, இதுவும் அதில் ஒன்று, உன்னாலோ என்னாலோ நடந்ததில்லை என்கிறார். சரித்திரம் தெரிந்தவன் பேசுகிற மாதிரி இருக்கும். அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சரிவிலும் அவர் உட்கார்ந்திருக்கும் மேசையில் சாப்பாடு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது.

நிஜக் கதையா என்பதற்கு: இல்லை, கற்பனை நிறுவனம். லேமனின் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபல்ட் பெயரோடு டல்ட் என்ற பெயர் ஒத்துப்போவதால் அது லேமன் கதை என்று பலர் எழுதுகிறார்கள். பெயரில் ஒரு சீண்டல் இருக்கலாம், சம்பவம் பொருந்தாது. லேமன் சரக்கை விற்றுத் தப்பவில்லை, கையில் வைத்துக்கொண்டே 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு கொடுத்தது. படத்தில் நடப்பதற்கு இன்னும் நெருக்கமானது கோல்ட்மேன் சாக்ஸ் என்ற வங்கி. 2006 டிசம்பரிலேயே வீட்டுக்கடன் சரக்கைக் குறைக்க முடிவெடுத்து, 2007 முழுக்க அதைக் கழித்துக்கட்டியது. அது மாதக்கணக்கில் நடந்தது, ஒரே காலையில் நடக்கவில்லை. வாடிக்கையாளருக்கு விற்ற பத்திரத்துக்கு எதிராகவே பந்தயம் கட்டினீர்களா என்று 2010 ஏப்ரலில் அமெரிக்க செனட் துணைக்குழு அவர்களை உட்கார வைத்துக் கேட்டது. அபாகஸ் என்ற ஒரு பத்திர விவகாரத்தில் அதே வருடம் ஜூலையில் 550 மில்லியன் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். குற்றச்சாட்டை ஏற்கவும் இல்லை மறுக்கவும் இல்லை, விற்பனைத் தாள்களில் தகவல் முழுமையாக இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொண்டார்கள். படத்தில் செய்வது சட்டப்படி குற்றமா என்று கேட்டால் நான் வக்கீல் இல்லை. வாங்குகிறவர்களும் பெரிய நிறுவனங்கள், அவர்களும் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் என்பதுதான் இந்த மாதிரி வழக்குகளில் எப்போதும் வரும் வாதம் என்பது வரை சொல்ல முடியும்.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக்கடன்களை வாங்கிய சாதாரண ஜனங்களில் ஒருவர் முகம்கூடத் திரையில் கிடையாது. கட்ட முடியாத வீடும் காரும் அவர்களுக்குத்தானே வேண்டியிருந்தது, அதற்குத்தான் நாம் தேவைப்படுகிறோம் என்று காரில் போகும்போது வில் ஒரு பிரசங்கம் செய்கிறான், பதில் சொல்ல ஆளே இல்லை. மாடியிலிருந்து மட்டுமே பார்க்கும் படம் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாண்டர் அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்வேன். சாராவும் ஜாரெட்டும் லிஃப்டில் போகிறார்கள், நடுவில் துப்புரவு வண்டியோடு ஒரு பெண் நிற்கிறார். பழியை யார் தலையில் போடுவது என்ற கணக்கு இரண்டு பேர் மனதிலும் ஓடுகிறது. அந்தப் பெண் அங்கே இருப்பதையே இருவரும் கண்டுகொள்வதில்லை. கேமரா கண்டுகொள்கிறது. பழி கடைசியில் சாரா தலையில்தான் விழுகிறது, அறையில் இருந்த ஒரே பெண் அதிகாரி அவள்தான். இதைப் பற்றிப் படம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

இவ்வளவையும் சுமார் 35 லட்சம் டாலர் செலவில், 17 நாளில் எடுத்தார்கள். ஒரு வியாபார நிறுவனம் அப்போதுதான் காலி செய்துவிட்டுப் போயிருந்த நிஜ அலுவலகத் தளத்திலேயே பெரும்பகுதியைப் படமாக்கினார்கள், அதனால்தான் அந்த மேசைகளும் திரைகளும் செட்டு மாதிரித் தெரிவதில்லை. 2012 ஆஸ்கரில் திரைக்கதைக்குப் பரிந்துரையும் கிடைத்தது. திரும்பப் பார்ப்பதாக இருந்தால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் முக்கியமான பேரமெல்லாம் மெதுவான குரலில் நடக்கிறது. வரைபடம் வந்தால் அதை விட்டுவிட்டு, அதைப் பார்க்கிறவர் முகத்தைப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். என் வீட்டிலேயே பாதியில் எழுந்து தூங்கப் போனவர்கள் உண்டு.